கம்பிவழி இறங்கிய கொழுந்து

மலையும் ஆறும் ஒரு நகருக்கு எவ்வாறு அரணாக அமையும் என்பதைக் கண்ணாரக் காண விரும்புவோர் கண்டி மாநகருக்குச் செல்லுதல் வேண்டும். மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து ஓடுகின்றது. தெற்கே ஹந்தானை மலை நிற்கின்றது. வடக்கே, பழைய அரண்மனையின் பின்புறத்தில், உடவத்தைக்கலை என்னும் காடு பரந்திருக்கின்றது. வடகிழக்கே வானத்தை ஒட்டினாற்போல நக்கிள்ஸ் மலைத்தொடர் நீலநிறமாய்த் தோன்றுகின்றது. எத்திசையிற் புறப்பட்டாலும் ஏற்றமும் இறக்கமுமே வழி.

இந்நாளில் வார இறுதி விடுமுறை வந்ததும் இளைஞரும் யுவதியரும் நண்பர் குழாங்களாகச் சேர்ந்து மலைநாட்டை நாடிச் செல்கின்றனர். அவர்கள் விரும்பும் விளையாட்டுக்களுள் ஒன்று, ஒரு மரத்தின் உச்சியிலிருந்து மற்றொரு மரத்தின் உச்சிக்கு, அல்லது ஒரு குன்றிலிருந்து மற்றொரு குன்றுக்கு, இழுத்துக் கட்டிய உருக்குக் கம்பியிலே தொங்கிய வண்ணம் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்வதாகும். ஆங்கிலத்தில் இதனைச் சிப்லைன் என்பர்; கம்பிவழிச் சறுக்கல் என்று நாம் சொல்லலாம். கண்டியிலிருந்து ஒரே நாளிற் சென்று திரும்பத்தக்க கித்துல்கலையிலே களனி கங்கைக் கரைக் காடுகளில் இவ்விளையாட்டு நடைபெறுகின்றது. பதுளை மாவட்டத்து எல்ல என்னும் ஊரிலோ, அரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள கம்பி தேயிலை மலைக்கு நேர்மேலே கட்டப்பட்டிருக்கின்றது.

இது நேற்று வந்த மேனாட்டு வேடிக்கை என்று பலர் கருதுவர். விளையாட்டு என்ற அளவில் அது புதியதே. ஆயின் உயரத்திலிருந்து பள்ளத்திற்குக் கம்பிவழியே பாரம் இறக்கும் வழக்கம் இம்மலைநாட்டுக்குப் புதியதன்று. மனிதர் அவ்வழியே செல்லத் தொடங்குவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே தேயிலைக் கொழுந்து சென்றிருக்கின்றது. அக்கொழுந்தைப் பறித்த கைகள் தமிழர் கைகள். ஆதலின் இக்கம்பியின் வரலாறு தமிழ் மக்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறுகளுள் ஒன்றாகின்றது.

மலையை ஏறியிறங்கக் கயிற்றைத் துணைக்கொள்ளுதல் மிகப் பழைய வழக்கம். சங்க நூல்களுள் ஒன்றாகிய மலைபடுகடாம், தேனெடுப்போர் செங்குத்தான பாறையில் ஏறுதற்கு அமைத்த 'மால்பு' என்னும் கண்ணேணியைக் குறிப்பிடுகின்றது. இலங்கைக் காடுகளில் வாழ்ந்த வேடரும் கொடியினால் ஏணி திரித்துப் பாறையுச்சியிலிருந்து தொங்கவிட்டு, புகையெழுப்பித் தேனீக்களை விரட்டி, மலைத்தேன் எடுத்து வந்தனர். தொங்குபவனின் உயிர் மேலே நின்று கொடியைக் காப்பவனின் கையிலே இருந்தது. எனவே நம்பிக்கைக்குரிய உறவினரை மாத்திரமே அப்பணியில் நிறுத்துதல் மலைவாணர் பலரிடத்தும் வழக்கம்.

தேனுக்காக மட்டுமன்றிப் பக்தியினாலும் மனிதன் கயிற்றையும் சங்கிலியையும் பற்றி உயரம் ஏறினான். சைவர் சிவனொளிபாதமலை என்றும், பௌத்தர் சிறீபாதம் என்றும், இஸ்லாமியர் பாவாத மலை என்றும் போற்றும் சிகரம் 2,243 மீற்றர் உயரமுடையது. 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த மொறொக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபுனு பதூதா அம்மலையில் ஏறினார். பாறையில் அறையப்பட்டிருந்த இரும்புச் சங்கிலிகளை அவர் தம் பயண நூலில் விவரித்திருக்கின்றார். இன்று அங்கே படிக்கட்டுக்கள் உள்ளன. அன்றோ அச்சங்கிலிகளே அடியார்க்கு ஆதாரமாயின.

கண்டி அரசர் காலத்தில் மலையும் காடும் வேறொரு பயனைத் தந்தன. கடற்கரையைப் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் கைப்பற்றியிருந்தபோது, மலைநாட்டு அரசு மட்டும் தன்னாட்சியுடன் நிலைத்தது. அதற்கு அரண் கல்மதில் அன்று, காடேயாகும். 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி நாட்டிலே தங்கி, 1679இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்குகின்றார். மாகாணங்களைப் பிரிக்கும் காடுகளை வெட்டலாகாது. ஆறுகளுக்குப் பாலம் அமைக்கலாகாது. ஒற்றையடிப் பாதைகளை அகலமாக்கலாகாது என்று இரண்டாம் இராசசிங்க மன்னன் தடை விதித்திருந்தான். பாதைகள் தோறும் முள்வாயில்கள் காவலுடன் நின்றன. உடவத்தைக்கலைக் காட்டினுள்ளும் பொதுமக்கள் புகுதல் கூடாது. அது அரச குடும்பத்துக்கே உரியதாக இருந்தது. அரசர் மறைந்த பின்னும் அக்காடு அழியாது தப்பியது. 1856இல் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, 1938இல் சரணாலயமாயிற்று. ஆங்கிலேயத் தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் மனைவியார் பெயரால் வழங்கும் நடைபாதை இன்றும் அதனுள்ளே செல்கின்றது. யானைக்கால் பருமனுள்ள கொடிகள் மரத்துக்கு மரம் தாவிப் பின்னிக் கிடப்பதை அங்கே செல்வோர் காணலாம்.

1815ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் கடைசி மன்னனாகிய சிறீ விக்கிரம இராசசிங்கன் சிறைப்பட்டான். மார்ச்சு 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. நாயக்கர் மரபினனாகிய அம்மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே உயிர் துறந்தான். வழிகளை அடைத்து நாட்டைக் காத்த ஆட்சி முடிந்தது. வழிகளைத் திறந்து நாட்டை ஆளும் ஆட்சி தொடங்கியது. தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைப்பித்தார். கடுகண்ணாவைக் கணவாயிலே பாறை குடைந்து வழி விடப்பட்டது. 1833இல் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரத்தினாலேயே, ஆணி அறையாமல், 205 அடி நீளமுள்ள ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தது. பாலமே கூடாதென்று அரசன் தடுத்த ஆற்றின்மேல் எழுந்த அப்பாலம் 1905 வரையில் நிலைத்து நின்றது.

தெரு திறந்தவுடன் தோட்டம் வந்தது. 1824இல் ஜோர்ஜ் பேட் என்பவர் கம்பளைக்கு அருகிலுள்ள சிங்ஹபிட்டியிற் கோப்பித் தோட்டம் அமைத்தார். பாண்ஸ் பேராதனைக்கு எதிரே கன்னொறுவையில் அமைத்தார். வேலைக்கு ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தனர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் பின்னே புறப்பட்ட மக்கள், தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து நீரும் நிழலும் அருகிய காட்டுவழியே, தம்புள்ளை, மாத்தளை கடந்து, நூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் கால்நடையாகவே நடந்து கண்டி மலைகளை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியில் எத்தனையோ பேரை மாய்த்தன. அவர்கள் நடந்த வழியிலே அவர்களைத் தாங்கக் கயிறும் இல்லை, சங்கிலியும் இல்லை.

1869இல் கோப்பியிலையில் ஒருவகைத் துருநோய் தோன்றியது. இருபதாண்டுகளுக்குள் கோப்பிப் பயிர் அடியோடு வீழ்ந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே, 1867இல், கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள ஹேவாஹெட்டைப் பகுதியில், லூல்கந்துர என்னும் தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்துலாந்துக்காரர் 19 ஏக்கரிலே தேயிலை நட்டிருந்தார். அதே 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதமும் வந்து சேர்ந்தது. 1873இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்ட தேயிலை 23 இறாத்தல் மாத்திரமே. ஆனால் கோப்பி வீழ்ந்த மலைகளில் எல்லாம் விரைவிலே தேயிலை படர்ந்தது.

கம்பியின் கதை இங்கேதான் தொடங்குகின்றது. கோப்பிக்கும் தேயிலைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கோப்பிப் பழம் சிறிது காலம் காத்திருக்கும். தேயிலைக் கொழுந்து காத்திராது. பறித்த கணத்திலிருந்தே அது மாறத் தொடங்குகின்றது. சாக்கில் அழுத்திக் கட்டி நெடுநேரம் வைத்தாற் சூடேறிச் சிவந்து, தரம் கெட்டுவிடும். அன்றன்று பறித்ததை அன்றன்றே தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், மேல்மாடித் தட்டுக்களிலே பரப்பி வாட்ட வேண்டும். கொழுந்திலே பெரும்பகுதி நீராகும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூளே கிடைக்கும். ஆகவே சிறிய அளவு தூளுக்காகப் பெரும் பாரத்தைச் செங்குத்தான மலைகளிலிருந்து விரைந்து இறக்க வேண்டிய தேவை தோட்டத் துரைமாரை எதிர்நோக்கியது. வண்டிப் பாதைகளோ சில; அவையும் மலையை வளைந்து வளைந்து செல்வன.

அத்தேவைக்கு மேனாட்டுச் சுரங்கத்தொழில் விடை தந்தது. கயிற்றிலே பொருள் கடத்தும் முறை ஐரோப்பாவிற் பழையது. 1644இல் டான்சிக் நகரத்துக் கோட்டை வேலைக்காக விபே ஆதம் என்னும் ஒல்லாந்தப் பொறியியலாளர் கயிற்றுவழியே கூடை கூடையாக மண் கொண்டுவந்தார். ஆயினும் சணற் கயிறு நனைந்தால் இற்றுப்போகும். 1834இல் செருமனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்லெம் ஆல்பெட் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கினார். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை பாரத்தைத் தாங்கும் என்பதே அதன் சிறப்பு. 1868ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே சாள்ஸ் ஹொட்சன் அவ்வடத்திலே பொருள் செலுத்தும் தொங்குபாதைக்கு உரிமை பெற்றார். அதன் பின்னர் சுரங்கம், தோட்டம், காடு என உலகெங்கும் அது பரவியது.

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் அமைக்கப்பட்ட வடங்களுட் பல மிக எளியவை. மேல்மலையில் ஒரு கம்பம். கீழே தொழிற்சாலையின் அருகில் ஒரு கம்பம். இடையிலே பள்ளத்தாக்கைக் கடந்து ஒரு கம்பிவடம். கொழுந்துச் சாக்கு ஒரு சில்லுள்ள கொக்கியில் மாட்டப்பட்டு விடப்படும். நிலத்தின் ஈர்ப்பே அதனை இழுத்துச் செல்லும், எஞ்சின் வேண்டியதில்லை. இறங்கும் பாரம் வெற்றுச் சாக்குகளை மேலிழுக்கும்படி சில இடங்களில் இரட்டை வடமும் அமைத்தனர். எத்துணை இறுக்கினும் வடம் நடுவே சற்றுத் தாழும். அத்தாழ்வு இன்றியமையாதது, அதனை அறவே போக்க முயன்றால் இருமுனையிலும் விசை பெருகிக் கம்பமே சாயும். சரிவு மிகுந்தாற் சாக்கு மோதிக் கொழுந்து நசுங்கும். குறைந்தால் நடுவழியில் நின்றுவிடும். இவற்றையெல்லாம் அளந்து அமைத்த பின், மனிதர் பெருநேரம் சுமந்து இறங்க வேண்டிய தூரத்தைக் கொழுந்து சில நிமிடங்களிலே கடந்தது.

தமிழ்நாட்டின் எல்லையிலும் இதற்கு ஒப்பான ஓர் ஏற்பாடு இருந்தது. மூணாற்றுக்கு அருகிலுள்ள கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலை, 1902இல் அமைத்து 1908இல் சிறு புகையிரதப் பாதையாக மாற்றப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டுக்கு வந்தது. அங்கிருந்து தொங்குபாதையினாற் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, வண்டிகளிலே போடிநாயக்கனூரை அடைந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தப் புகையிரதப் பாதையை அழித்துவிட்டது. அங்கே இறங்கியது தூளாகிய தேயிலை. கண்டி மலைகளிலே பெரும்பாலும் இறங்கியது பச்சைக் கொழுந்து. இரண்டு இடங்களிலும் உழைத்தவர் தமிழ் மக்களே.

இப்போது அக்கம்பத்தின் மேல்முனையிலே நின்றவர்களை நினைத்துப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் பிரட்டுக்களத்திலே பெயர் கொடுத்து, முதுகிலே கூடையைத் தொங்கவிட்டு, அதன் கயிற்றை முன்தலையிலே தாங்கி, பெண்கள் மலையேறினர். அட்டைக் கடியும் மழையும் பனியும் அவர்களுக்கு நாள்வழக்கம். மடுவத்திலே கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்தார். அதன் பின்னரே அது வடத்திலே ஏறியது. கொழுந்து நசுங்கலாகாது என்று சரிவை அளந்தனர். அது சூடேறலாகாது என்று நேரத்தைக் கணக்கிட்டனர். பறித்தவளோ வந்த வழியே, வழுக்கும் ஒற்றையடிப் பாதையிலே, நடந்தே லயத்துக்கு இறங்கினாள். பொருளுக்கு விரைவும் மனிதருக்கு நடையும் என்பதே அக்காலத்துத் தோட்டத்தின் ஒழுங்கு. இது யாரோ ஒருவரது கொடுமையினால் மட்டும் நேர்ந்ததன்று. கொழுந்து கெட்டாற் கணக்கேட்டிலே இழப்பு எழுதப்படும். கால் நொந்தால் எழுதுவதற்கு அக்கணக்கேட்டிலே இடமில்லை.

கணக்கேட்டில் மட்டுமன்றி நாட்டின் குடிமக்கள் பட்டியலிலும் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒற்றோபர் 30இல் சிறீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு என்று எழுதப்பட்டது. பாட்டனார் கால்நடையாக வந்த திசையை நோக்கிப் பேரர்கள் புகையிரதமேறினர். மலைநாட்டு நிலையங்களிலே ஒரே குடும்பத்தினர் இரு நாட்டவராய்ப் பிரிந்து அழுதனர். இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் பெரிதும் நீக்கிய சட்டம் 2003இலேதான் வந்தது.

இதற்கிடையிற் கம்பிவடங்களின் காலமும் மெல்ல மறைந்தது. மலைகளுக்குத் தெருக்கள் ஏறின. லொறிகளும் உழவு இயந்திரங்களும் கொழுந்தைச் சுமந்தன. பல தோட்டங்களிலே வடம் கழற்றப்பட்டது. ஆனால் கூடை சுமந்த தலைகளுக்கு அவ்வளவு விரைவிலே ஓய்வு கிடைக்கவில்லை.

கம்பிவடம் மனிதனின் விளையாட்டுக்கு வந்தது வேறு வழியில். 1970களில் நடு அமெரிக்காவிலுள்ள கொஸ்தா ரிக்கா நாட்டில் டொனால்ட் பெரி என்னும் உயிரியலாளர் மழைக்காட்டு மரங்களின் உச்சிப் பகுதியை ஆராய விரும்பினார். காட்டின் பூவும் கனியும், பறவையும் பூச்சியும் பெரும்பாலும் தரையில் இல்லை. நூறடிக்கு மேலே விதானம்போற் பரந்த இலைப்பரப்பிலேயே உள்ளன. அங்கே சென்று தங்கி ஆராய அவர் மரங்களுக்கிடையே கயிறு கட்டினார். ஆராய்ச்சியாளர் கண்ட அழகை ஏனையோரும் காண விரும்பினர். 1990களில் அதே நாட்டிலே மரவுச்சிச் சுற்றுலா ஒரு தொழிலாக வளர்ந்து, பின்னர் உலகெங்கும் பரவியது.

இன்றைய கம்பிவழிச் சறுக்கலிலே இயங்கும் விதிகள் அன்றைய கொழுந்துச் சாக்கை இயக்கிய விதிகளே. அதே சரிவு, அதே தாழ்வு, அதே ஈர்ப்பு. மனிதவுயிர் தொங்குவதால் மட்டுமே காவல் மிகுதியாயிற்று. இடுப்பிலும் தொடையிலும் வார்ப்பட்டை, தலைக்கவசம், இரட்டைச் சில்லு, முடிவிடத்திலே வேகத்தைத் தணிக்கும் தடுப்பு ஆகியன வேண்டும். மரத்தையும் காத்தல் வேண்டும். உருக்கு வடத்தை மரத்திலே நேரடியாகச் சுற்றினால் அது பட்டையை அறுக்கும். இலையிலே சமைந்த உணவு பட்டையின் உட்புறம் வழியாகவே வேருக்கு இறங்குவதால் மரம் நாளடைவிலே பட்டுப்போகும். எனவே வடத்துக்கும் பட்டைக்கும் இடையே மரக்கட்டைகளைச் செருகி, மரம் பருக்கப் பருக்க அவற்றைத் தளர்த்திவர வேண்டும். இவ்வேற்பாடுகள் ஒழுங்காக உள்ளனவா என்று கேட்டறிந்த பின்னரே ஏறுதல் அறிவுடையார் செயல்.

நண்பருடன் கண்டிக்குச் செல்லும் இளையோர் அவ்விளையாட்டோடு மற்றோர் இடத்தையும் சேர்த்துக் காண்பாராயின் பயணம் நிறைவுறும். ஹந்தானை மலையிலே 1925இற் கட்டப்பட்ட நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று 2001இலே தேயிலை அரும்பொருட் காட்சிச்சாலையாக மாற்றப்பட்டது. பழைய உருளைகள், உலர்த்தும் அடுப்புகள், ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்கள் ஆகியன அங்கே உள்ளன. மேல்மாடிச் சாளரத்தினூடே நோக்கினால் கண்டி நகரும் சுற்றியுள்ள மலைகளும் விரிந்து தோன்றும். கொழுந்து எத்துணை உயரத்திலிருந்து இறங்கிற்று என்பது அப்போது விளங்கும்.

கண்ணேணி தேனுக்காகக் கட்டப்பட்டது. சங்கிலி வழிபாட்டுக்காக அறையப்பட்டது. கம்பிவடம் வாணிகத்துக்காக இழுக்கப்பட்டது. இன்று அது களிப்புக்காகவும் கட்டப்படுகின்றது. களிப்பு குற்றமன்று. நெடுங்காலம் பாரம் சுமந்த மலைகள் சற்றுச் சிரிப்பொலியையும் கேட்கட்டும். ஆனால் எல்லவிலே கம்பியிற் சறுக்கிச் செல்பவர் கீழே நோக்கினால், பச்சைக் கம்பளம்போற் பரந்த தேயிலைச் செடிகள் தோன்றும். அவற்றினிடையே கொழுந்தெடுப்போர் சென்று தேய்ந்த ஒற்றையடித் தடங்களும் உண்டு. நாளொன்றுக்குப் பதினைந்து, இருபது கிலோ கொழுந்து பறித்து நிறுவைக்குக் கொண்டுவரும் பெண்கள் இன்றும் அத்தகைய தடங்களிலே நடந்துதான் ஏறுகின்றனர், நடந்துதான் இறங்குகின்றனர்.